ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் அறிய வேண்டியவை

(ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர்களும் பள்ளி மேலாண்மைக் குழு அங்கத்தினர்களும் கூடிய கூட்டத்திற்குரிய பிரசங்கத்தின் வாசகம்)



கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் ஆரம்பப் பாடசாலையின் கதவு திறக்கும் நாள் கிராமத்திற்கு ஒரு முக்கியமான நாளாகும். குடியானவன் விதைப்பதற்கு முன்னரே நிலத்தை உழுது பண்படுத்துகிறான். வாய்க்காலைத் தூர் வாருகிறான். விதையைத் தேர்ந்து வைக்கிறான். தன் வயலுக்கு நீர் முறை எந்த நாளில் வருமென்று விசாரித்து அறிந்துகொள்கிறான். விதைத்துப் பல நாட்கள் சென்ற பின்னர் இவற்றைச் செய்வதில் பயனில்லை. பாடசாலை ஆண்டும் இத்தன்மையதே. பெற்றோர் அறிய வேண்டிய விஷயங்களை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்தால், அவை ஆண்டு முழுவதும் பயன் தரும். அவ்வாறின்றி, மார்ச்சு மாதத்தில் ஒரு தாயை அழைத்து, "உங்கள் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை" என்று சொல்வது, பயிர் காய்ந்த பிறகு நீர் முறையைச் சொல்வதற்கு ஒப்பாகும். அச்செய்தியை அவள் ஜூலை மாதத்தில் அறிந்திருந்தால் ஏதேனும் செய்திருப்பாள். மார்ச்சு மாதத்தில் அவளால் வருந்துதல் ஒன்றே இயலும்.

தெரிவித்தல் உபகாரம் அன்று, கடமை

பெற்றோரைக் கூட்டிச் செய்தி சொல்வது உபாத்தியாயருடைய நல்ல மனத்தைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் 24-ஆம் பிரிவு உபாத்தியாயரின் கடமைகளை வரிசையாகக் கூறுகிறது. தவறாமலும் நேரத்திலும் பள்ளிக்கு வருதல், பாடங்களைக் குறித்த காலத்தில் முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு வேண்டியவர்க்குக் கூடுதலாகக் கற்பித்தல் என்பவற்றோடு மற்றொரு கடமையும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பெற்றோரையும் காப்பாளரையும் ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கல்வியில் அடைந்த முன்னேற்றம், இன்னும் அறியத்தக்க விவரங்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. எனவே, "என் மகள் எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்க வரும் கூலிக்காரத் தாய் தயவு வேண்டி வரவில்லை, சட்டம் தனக்களித்த உரிமையைக் கேட்டே வருகிறாள்.

அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்துகிறது. அக்குழுவின் அங்கத்தினருள் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது காப்பாளராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் குழந்தைகளுடைய பெற்றோர்க்கும் அவர்தம் தொகைக்கேற்ற இடம் உண்டு. பள்ளி நடைபெறும் விதத்தைக் கண்காணிப்பதும், அதன் வளர்ச்சிக்குத் திட்டம் வகுப்பதும், சர்க்கார் தரும் பணம் செலவாகும் வகையைக் கவனிப்பதும் குழுவின் வேலைகள். செய்தி அறியாதவர் இவ்வேலைகளுள் ஒன்றையும் செய்யமுடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

முற்காலமும் பிற்காலமும்

திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த நாட்களில் உபாத்தியாயர் ஊரிலேயே குடியிருந்தார். ஊரார் கொடுத்த தானியமும் காசுமே அவருக்கு ஜீவனம். பிள்ளைகள் உரக்கச் சொல்லும் பாடம் தெருவிற் போவோர் காதில் விழுந்தது. எவன் பிள்ளை எதுவரை படித்தான் என்பதை ஊர் தானாகவே அறிந்தது. ஆனால், அத்திண்ணையில் எல்லோருடைய பிள்ளைகளும் ஏறவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகளும் பெரும்பாலான பெண் குழந்தைகளும் அக்கல்விக்குப் புறம்பாகவே நிறுத்தப்பட்டனர். இன்று எல்லாப் பிள்ளைகளும் வருகின்றனர். அதே சமயம் உபாத்தியாயர்களுள் பலர் வேறூரிலிருந்து பஸ்ஸில் வந்து, மாலையில் திரும்பிச் செல்கின்றனர். முன்பு தானாக நடந்த செய்திப் பரிமாற்றத்தை இப்போது முயன்று நடத்தவேண்டியிருக்கிறது.

முயன்றால் கிராமத்தார் முன்வருவர் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கப்பெற்றன. முதல் மாநாடு 1958-ஆம் ஆண்டு, இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள கடம்பத்தூரில் கூடியது. பள்ளியில் உள்ள குறை இன்னதென்று பொதுமக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. மக்கள் பொருளாகவும் உழைப்பாகவும் உதவி, அக்குறைகளைத் தீர்க்க முன்வந்தனர். குறையை மறைத்திருந்தால் அவ்வுதவி வந்திராது.

பலகையில் எழுதினால் போதுமா?

ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால் பெற்றோர்க்குத் தெரிவித்தாயிற்று என்று கருதும் பள்ளிகள் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 7 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 73 பேரே எழுத்தறிந்தவர். கிராமங்களில் அத்தொகை இன்னும் குறைவு. இளந்தாய்மாரில் பெரும்பாலோர் இப்போது படித்தவரே என்று சொல்லலாம். ஆயினும், பெற்றோர் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ சென்றுவிட, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றனர். காலையில் பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புகின்றவள் அந்தப் பாட்டியே. பலகையில் ஒட்டிய காகிதம் அவளுக்கு வெறுங் காகிதந்தான்.

இக்காலத்தில் வாட்ஸப் குழு ஒன்று ஏற்படுத்திச் செய்திகளை அனுப்பும் வழக்கமும் வந்துள்ளது. அது நல்லதே, ஆனால் அதை மட்டும் நம்புதல் ஆகாது. பல வீடுகளில் கைபேசி தகப்பனாரிடம் இருக்கும். அவர் வேலைக்குச் சென்று இரவில்தான் திரும்புவார். பள்ளி அனுப்பும் செய்தி நூறு வாழ்த்துப் படங்களுக்கிடையே கிடந்து மறைந்து போவதும் உண்டு. எழுத்தும் வேண்டும், கைபேசியும் வேண்டும். இவ்விரண்டுக்கும் மேலாக, நேரில் வாயாற் சொல்லும் சொல் வேண்டும்.

சொல்ல வேண்டியவை யாவை?

முதலாவது, நாளும் நேரமும். பள்ளி எந்த மணிக்குத் தொடங்கும், எந்த மணிக்கு விடும், வகுப்பு உபாத்தியாயர் யார், விடுமுறைகள் எப்போது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். காலையுணவைப் பற்றிச் சிறப்பாகச் சொல்லவேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கப்பெற்று, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டிலுள்ள அரசு ஆரம்பப் பாடசாலைகள் அனைத்திற்கும் விரிந்தது. 1-ஆம் வகுப்பு முதல் 5-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இவ்வுணவு பாடம் தொடங்குமுன் கொடுக்கப்படுகிறது. விடியலில் களை பறிக்கச் செல்லும் தாய் இந்நேரத்தைச் சரியாக அறியாவிட்டால், பிள்ளை தாமதமாக வந்து, உணவும் இழந்து, பசியோடு முதற்பாடத்தில் அமரும்.

இரண்டாவது, செலவு. அரசு ஆரம்பப் பாடசாலையில் கட்டணம் இல்லை. பாடப் புத்தகம், குறிப்பேடு, சீருடை முதலியனவும் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. எவை கிடைக்கும், எப்போது கிடைக்கும், வீட்டார் வாங்கவேண்டியது ஏதேனும் உண்டா என்பதை முன்னரே சொல்லவேண்டும். இதனை அறியாமல், ஜூன் மாதத்தில் வட்டிக்குக் கடன் வாங்கித் துணியும் பையும் வாங்கிய பின்னர், அவை பள்ளியிலேயே கிடைத்ததைக் கண்டு வருந்தும் குடும்பம் ஒன்றேனும் இருத்தலாகாது.

மூன்றாவது, சேர்க்கை. வயதுச் சான்று இல்லையென்பதற்காக எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுத்தல் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. காலங்கடந்து வந்த பிள்ளையையும் திருப்பியனுப்புதல் கூடாது. வேறு பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதும் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. இவ்விஷயத்தைச் செங்கற் சூளைகளுக்குக் குடும்பத்தோடு செல்வோர்க்கு அவசியம் தெரிவிக்கவேண்டும். அவர்களுட் பலர், "நடுவில் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்" என்றெண்ணிப் பிள்ளைகளைச் சூளையிலேயே வைத்துக்கொள்கின்றனர். பிறகு அப்பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புவது அரிதாகிவிடுகிறது.

நான்காவது, வருகை. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாட்களுக்குக் குறையாமல் பள்ளி நடத்தல் வேண்டுமென்று சட்டத்தின் அட்டவணை விதிக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பள்ளிக்கு வாராத பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள், சந்தைக்கு ஒரு நாள், உறவினர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாள் என்று வீட்டாருக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஐந்து நாளில் ஒரு நாள் போனால், 200 நாட்களில் 40 நாட்கள் போகும். ஐந்து ஆண்டுகளில் 200 நாட்கள் ஆகும். அதாவது, ஐந்தாம் வகுப்பை முடிக்கும் அப்பிள்ளை முழுதாக ஓராண்டுக் கல்வியை இழந்திருக்கும். வருகை நூற்றுக்கு இத்தனை என்று சொன்னால் பலருக்கு விளங்காது. "வாரம் ஒரு நாள் நின்றால் ஐந்து வருஷத்தில் ஒரு வருஷப் படிப்புப் போகும்" என்று சொன்னால் யாவருக்கும் விளங்கும்.

ஐந்தாவது, படிப்பு. இவ்வாண்டின் முடிவில் பிள்ளை எதனைச் செய்ய வல்லதாயிருத்தல் வேண்டும் என்பதை எளிய சொற்களில் கூறவேண்டும். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு எண்ணும் எழுத்தும் என்னும் இயக்கம் இளம் வகுப்புகளில் தொடங்கப்பெற்றதன் கருத்தும், பிள்ளைகள் பொருளுணர்ந்து வாசிக்கவும் கணக்கிடவும் வேண்டும் என்பதே. எழுத்தறியாத தாயும் தன் பிள்ளையின் படிப்பைச் சோதிக்க இயலும். பஸ்ஸின் பெயர்ப்பலகையையும், ரேஷன் கடைப் பலகையையும், சோப்பு உறையையும் பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம். சொல் தடையின்றி வருகிறதா, தட்டித் தடுமாறி வருகிறதா என்பதைக் காதுள்ள எவரும் அறிவர். கடையிலிருந்து கொண்டுவந்த மீதிச் சில்லறையை எண்ணச் சொல்லலாம். இதை ஆண்டுத் தொடக்கத்தில் உபாத்தியாயர் செய்து காட்டினால், தாய்க்குத் தைரியம் பிறக்கும். தான் படியாதவள் என்று ஒதுங்கமாட்டாள்.

ஆறாவது, குறை சொல்லும் வழி. பிள்ளைகளை அடித்தலும் மனம் நோக வருத்துதலும் 17-ஆம் பிரிவின்படி தடுக்கப்பட்டவை. குறை ஏதேனும் இருப்பின் யாரிடம் சொல்லவேண்டும், மேலாண்மைக் குழு எந்த நாளில் கூடுகிறது, துன்பத்திலுள்ள குழந்தைகளுக்கான 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண் எதற்கு உதவுகிறது என்பவற்றைப் பள்ளியே முதலிற் சொல்லிவிடவேண்டும். குறை கேட்க அஞ்சாத பள்ளியை ஊரார் நம்புவர்.

பள்ளி பேசாவிடின் வதந்தி பேசும்

முன்னதாகத் தெரிவியாமையால் விளையும் தீங்கைத் தமிழ்நாடு ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தட்டம்மை, ரூபெல்லா என்னும் இரு நோய்களுக்கும் எதிரான தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. 9 மாதம் நிறைந்த குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரை யாவருக்கும் ஊசி போட ஏற்பாடாயிற்று. பள்ளிகளிலேயே முகாம்கள் நடந்தன. அந்நாட்களில் அத்தடுப்பூசியால் தீங்கு வரும் என்னும் பொய்ச் செய்தி வாட்ஸப் வழியாகப் பரவியது. உண்மைச் செய்தி சென்று சேராத வீடுகளில் வதந்தி முதலில் நுழைந்தது. பல பெற்றோர் தயங்கினர். சிலர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச்சு மாதத்திலும் நீட்டிக்க நேர்ந்தது. அப்பெற்றோரை அறியாமையுடையவர் என்று பழிப்பதில் நியாயமில்லை. தம் பிள்ளையின் உடலில் என்ன செலுத்தப்படுகிறது என்று கேட்பது பெற்றோரின் இயல்பு. அக்கேள்விக்கு விடை ஊசி வருமுன்னரே அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளுக்கும் இது பொருந்தும். மாத்திரை இன்னது, எதற்காக, எந்த நாளில் கொடுக்கப்படும், வயிற்றில் புழு மிகுதியாயுள்ள சில பிள்ளைகளுக்குச் சிறிது வயிற்று வலியோ குமட்டலோ தோன்றித் தணியலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி வைத்தால், அன்று ஒரு பிள்ளை வாந்தி எடுத்தவுடன் ஊரெல்லாம் பள்ளி வாசலில் திரளாது.

எவ்வாறு சொல்லுதல் நலம்?

கூட்டத்தின் நேரம் முக்கியமானது. பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால், கூலி வேலைக்குச் செல்வோர் ஒரு நாட் கூலியை இழந்தே வரவேண்டும். வேலை முடிந்து திரும்பும் மாலை நேரமே தக்கது. இடமும் முக்கியமானது. ஊராரும் காலனியாரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே பாயில் சரிசமமாகப் பேசத்தக்க இடம் பள்ளிக்கூடமே. சிலர் தயங்கி வெளியில் நிற்க நேரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. வாராதவர் வீட்டுக்கு, அங்கத்தினர் ஒருவரும் உபாத்தியாயர் ஒருவரும் சேர்ந்து மறுநாளே செல்லவேண்டும். 2021-ஆம் ஆண்டு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்களே பிள்ளைகளின் இருப்பிடத்திற்கருகில் சென்று கற்பித்தனர். வீட்டு வாசலுக்குச் செல்லும் சொல்லுக்கு உள்ள பயன் அதனால் விளங்கிற்று.

ஊருக்குச் செய்தி சொல்லத் தண்டோராப் போடும் பழைய வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டிய வண்டியைப் பயன்படுத்தும்படி 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். பறையை ஒருவர் தோளில் சுமத்தித் தெருத்தெருவாய் அறிவிக்கச் செய்வது மனித மதிப்புக்கு ஏற்றதன்று. கூட்டத்தின் தேதியைத் தெரிவிக்க ஒலிபெருக்கியே போதும்.

பேசும் முறையிலும் கவனம் வேண்டும். "உங்கள் பையன் மக்கு, வீட்டில் கவனிப்பதில்லை" என்று பலர் முன்னிலையில் சொன்னால், அத்தாய் அடுத்த கூட்டத்துக்கு வாராள். "அம்மா, உங்கள் பையன் கூட்டலை நன்றாகச் செய்கிறான், கழித்தலில் தடுமாறுகிறான். தினமும் பத்துப் புளியங்கொட்டைகளை வைத்துச் சிலவற்றை எடுத்துவிட்டு, மீதி எத்தனையென்று கேளுங்கள்; பதினைந்து நாள் கழித்து நானும் பார்க்கிறேன்" என்று உபாத்தியாயர் தனியே சொன்னால், அவள் அதை வீட்டிற் செய்வாள். முன்னதில் பழி இருக்கிறது. பின்னதில் செய்யத்தக்க வேலை இருக்கிறது.

பெற்றோரும் சொல்ல வேண்டும்

செய்தி ஒருபுறமாகவே செல்லுதல் போதாது. பிள்ளைக்குக் கண்பார்வை மங்கலாயிருத்தல், காது கேளாமை, வலிப்பு, வீட்டில் நேர்ந்த சாவு அல்லது பிரிவு, தகப்பனார் வெளியூர் செல்லுதல் ஆகியவற்றைப் பெற்றோர் உபாத்தியாயரிடம் சொல்லவேண்டும். பலகையைக் காண இயலாத பிள்ளையைக் கடைசி வரிசையில் அமர்த்தி, மந்தபுத்தி என்று முடிவுகட்டிய பிழை எத்தனையோ வகுப்பறைகளில் நடந்திருக்கிறது. தாய் சொல்லும் ஒரு வார்த்தையால் அப்பிள்ளை முன்வரிசைக்கு வரும், கண்ணாடியும் பெறும். ஆகையால், முதற் கூட்டத்தில் பாதி நேரம் உபாத்தியாயர் பேசுவதற்கும், பாதி நேரம் பெற்றோர் பேசுவதற்கும் ஒதுக்குதல் தகும்.

எல்லாவற்றிற்கும் முடிவாக ஓர் உடன்பாடு இருதரத்தாருக்கும் வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வாராத நாளில் வீட்டார் காரணத்தைச் சொல்லியனுப்பவேண்டும்; தொடர்ந்து மூன்று நாள் காரணம் தெரியாமல் வாராதிருந்தால், அன்று மாலையே பள்ளியிலிருந்து ஒருவர் அவ்வீட்டுக்குச் செல்லவேண்டும். படிப்பை நிறுத்தும் பிள்ளை ஒரே நாளில் நிறுத்திவிடுவதில்லை. முதலில் இரண்டு நாள் வாராது. பிறகு ஒரு வாரம் வாராது. பிறகு, விட்ட பாடம் விளங்காமையால் வர வெட்கப்படும். அதற்குள் ஆடு மேய்க்கவோ, தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ, கடையில் வேலை செய்யவோ அதற்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடும். பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் நிற்கும், பிள்ளை இராது. மூன்றாம் நாள் மாலையில் எவரேனும் சென்று, "ஏன் வரவில்லை?" என்று அன்போடு கேட்டிருந்தால், அப்பிள்ளைகளுள் பலர் நான்காம் நாளே திரும்பியிருப்பர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மாலைக் கூட்டம், விரித்த பாய்கள், தெளிவான சொல், வாராதவர் வீட்டுக்குச் சிறிது நடை ஆகிய இவ்வளவே வேண்டும். பள்ளி திறந்த முதல் பதினைந்து நாட்களுக்குள் ஒவ்வொரு கிராமத்திலும் இக்கூட்டத்தை நடத்தி முடிக்க உபாத்தியாயரும் அங்கத்தினரும் உறுதி கொள்வாராக. ஊரின் கடைக்கோடியில் உள்ள குடிசையில், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டிக்கும் அந்த ஆண்டின் செய்தி சென்று சேர்ந்தால், அக்கூட்டம் பயன் பெற்றதாகும்.